இணையவழித் துன்புறுத்தலும் வளரிளம் பருவத்தினரும்: வீடு யார் பக்கம் நிற்கிறது?

(மைசூருவில், தமிழ் பேசும் தோழர்களின் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021 ஆகஸ்ட் 24 அன்று மாலை, இந்நகரின் சாமுண்டி மலை அடிவாரத்தில் ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். கைது செய்யப்பட்டோர் தமிழ்நாட்டின் திருப்பூர் பகுதியைச் சேர்ந்த உழைப்பாளிகள் என்பது இந்த அவையில் இருப்போருக்கு மறந்திருக்காது. அந்தக் கைதுகளுக்கு முன்பின்னாக, மைசூரு பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மானசகங்கோத்ரி வளாகத்தில் மாலை 6.30 மணிக்குப் பிறகு மாணவிகள் தனியே நடமாடக் கூடாது என்றது அது. மாணவர்களுக்கு அப்படியொரு கட்டுப்பாடு இல்லை. கடும் எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. கெட்ட எண்ணத்தில் அதை எழுதியதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆபத்து வெளியில் இருக்கிறது, ஆகவே பெண்ணை உள்ளே வைத்துக்கொள்வோம் என்பது இந்தச் சமூகத்துக்குப் பழகிப்போன கணக்கு.

இணையவழித் துன்புறுத்தலைப் பற்றிய உரையை இந்தச் சுற்றறிக்கையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகம் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் வீடுகளில் அதே சுற்றறிக்கை நாள்தோறும் வெளியாகிக்கொண்டிருக்கிறது. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் படத்தை எவனோ ஒருவன் எடுத்து, வேறோர் உடலோடு ஒட்டி, வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடுகிறான். வீட்டுக்குத் தெரிந்தவுடன் முதலில் நடப்பது என்ன? கைபேசி பறிக்கப்படுகிறது. அடுத்து, டியூஷன் நிறுத்தப்படுகிறது. நிலைமை இன்னும் முற்றினால் பள்ளியே நிறுத்தப்படுகிறது. ஓராண்டுக்குள் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வருகிறது. படத்தை உருமாற்றியவன் மறுநாளும் வழக்கம்போல் வகுப்புக்குப் போகிறான்.

மிரட்டுபவனுக்கு இது நன்றாகத் தெரியும். "உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்பதே அவன் கையில் உள்ள முதல் ஆயுதம். அந்த ஆயுதத்தை அவனுக்குத் தயாரித்துக் கொடுப்பது வீடு. தடுப்பு முறைகள் என்று எதைப் பேசினாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பேச முடியாது.

விளைவுகள் பற்றி முதலில் சில செய்திகள். பள்ளி வளாகத்தில் நடக்கும் கேலிக்கு ஓர் எல்லை இருந்தது. மாலை மணி அடித்தால் பிள்ளை வீடு திரும்பும். வீட்டுக்குள் கேலி வராது. கைபேசி வழியே வரும் அவமதிப்பு தலையணைக்கு அடியில் வந்து படுத்துக்கொள்கிறது. யார் பார்த்தார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள், இன்னும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாத நிலையே பெரும் வதை. தூக்கம் கெடுகிறது. காலையில் காரணம் புரியாத வயிற்றுவலி, தலைவலி. பள்ளி நாள்களில் மட்டும் வரும் வலி. மதிப்பெண் குறைகிறது. நெருங்கிய தோழிகளிடமிருந்துகூட விலகல் வருகிறது. அவர்களும் பார்த்திருப்பார்களோ என்ற ஐயம். எல்லாவற்றுக்கும் மேலாக, "என் தவறுதான்" என்ற எண்ணம் மெல்ல வேரூன்றுகிறது. ஐநா குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் 2019 செப்டம்பரில் வெளியிட்ட, 30 நாடுகளில் நடந்த கருத்துக்கணிப்பில், இளையோரில் மூவரில் ஒருவர் இணையத்தில் துன்புறுத்தப்பட்டதாகக் கூறினர். ஐவரில் ஒருவர் அதன் காரணமாகவே பள்ளிக்குப் போகாமல் இருந்ததாகக் கூறினர். இந்தியாவில் குழந்தைகளுக்கு எதிரான இணையக் குற்றங்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்குத் தரும் எண்ணிக்கை 1,823. சுமார் 25 கோடி வளரிளம் பருவத்தினர் வாழும் நாட்டில் ஆண்டுக்கு 1,823. காவல் நிலையப் படியேறத் துணிந்த குடும்பங்கள் எத்தனை என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது. குற்றத்தின் அளவை அல்ல.

2023 நவம்பரில் உஜ்ஜயினி நகரில் 16 வயது மாணவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ஒப்பனைக் கலையில் ஆர்வம் கொண்டு, தாமே கற்று, சேலை அணிந்த தமது காணொளியை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டிருந்தார். அதன் கீழே ஆயிரக்கணக்கில் வசைகள் குவிந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளையை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டளையை மீறியதற்காக ஒரு பிள்ளை மீது கல்லெறிய எங்கிருந்தோ கூட்டம் திரண்டது. இதைப் பெண் பிள்ளைகளின் பிரச்சினை என்று மட்டும் கருதுவோர் இந்த நிகழ்வை மறக்கலாகாது.

தமிழ்நாட்டின் இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2016 ஜூன் மாதத்தில் சேலம் மாவட்டத்தில் நடந்தது. 21 வயதுப் பட்டதாரிப் பெண்ணின் உருமாற்றப்பட்ட படம் ஃபேஸ்புக்கில் வெளியிடப்பட்டது. குடும்பத்தார் காவல் துறையில் புகார் அளித்தனர். நடவடிக்கை நகரவில்லை. மீண்டும் ஒரு படம் வெளியானது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோரே தம்மை நம்பவில்லை என்ற வேதனை அவர் விட்டுச் சென்ற கடிதத்தில் இருந்தது. தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கோரினார். புகாரை விசாரிக்கக் கையூட்டாகக் கைபேசி பெற்றதாகக் காவலர் ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மகளை இழந்த பெற்றோரைக் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. அவர்கள் புகாரை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தவர்கள். ஆனாலும் "நீ அனுப்பினாயா?" என்ற ஒற்றைக் கேள்வி எந்த வீட்டிலும் எழக்கூடியது, அந்தக் கேள்வி பிள்ளையின் காதில் எப்படி விழும் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இரண்டாவது பொள்ளாச்சி. 2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், பழகிய இளைஞர்களால் காரில் அழைத்துச் செல்லப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார். அதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு, அதைக் காட்டி மிரட்டினர். சமூக ஊடகத்தில் நட்பு, பிறகு நம்பிக்கை, பிறகு காணொளி, பிறகு மிரட்டல் என்ற இதே வழியில் அந்தக் கும்பல் பலரை ஏற்கெனவே சிக்க வைத்திருந்தது. முன்னர் பாதிக்கப்பட்ட எவரும் வாய் திறக்கவில்லை. இந்த மாணவி வீட்டில் சொன்னார். வீடு அவரை நம்பியது. பிப்ரவரி 24 அன்று புகார் பதிவானது. அதன் விலையை அந்தக் குடும்பம் கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய சகோதரர் தாக்கப்பட்டார்.

அடுத்து நடந்ததுதான் தலைகுனிய வைப்பது. காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர் சந்திப்பில் புகார் அளித்தவரின் பெயரைச் சொன்னார். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் அவரது அடையாளம் அச்சேறியது. இனி ஒருவரும் புகார் கொடுக்க வராதீர்கள் என்று அரசு விடுத்த அறிவிப்பாகவே மாதர் இயக்கங்கள் இதைப் பார்த்தன. பாதிக்கப்பட்டவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இங்கு ஒன்றைக் கூசாமல் சொல்லியாக வேண்டும். அந்தக் காணொளித் துண்டின் அலறல் ஒலி அந்நாள்களில் கைபேசிதோறும் ஒலித்தது. பகிர்ந்தவர்களில் மிகப் பலர் கொதித்துப் போய்த்தான் பகிர்ந்தனர். போராட்டத்தில் நின்றவர்களும் அவர்களில் உண்டு. அலறியது ஒரு பெண். அந்த ஒலியை ஊரெங்கும் கேட்க வைக்க அவர் ஒப்புதல் தரவில்லை. கோபத்தோடு பகிர்ந்தாலும், வக்கிரத்தோடு பகிர்ந்தாலும், பாதிக்கப்பட்டவரின் கைபேசிக்கு அது ஒரே மாதிரிதான் வந்து சேர்கிறது. அதே தவறு அண்மையில், 2024 ஏப்ரலில், அண்டை மாவட்டமான ஹாசனில் நடந்தது. அதிகாரத்தில் இருந்த ஒருவரின் குற்றத்தை அம்பலப்படுத்துவதாகச் சொல்லி, பெண்களின் முகம் மறைக்கப்படாத காணொளிகள் பென்டிரைவ்களில் வீதியில் எறியப்பட்டன. அரசியல் எதிரியை வீழ்த்துவதற்கு அந்தப் பெண்களின் வாழ்க்கை எறிகல் ஆயிற்று.

பொள்ளாச்சி வழக்கில் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 மே 13 அன்று, கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தீர்ப்பின் கடுமையைவிட இன்னொரு செய்தி முக்கியமானது: விசாரிக்கப்பட்ட 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாகவில்லை. தொடக்கத்தில் பெயரை அம்பலப்படுத்திய அதே வழக்கில், பின்னர் அடையாளம் காக்கப்பட்டது. மூடிய நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. பெண்கள் உறுதியாக நின்றனர். பெண்கள் பயந்தவர்கள், சாட்சி சொல்ல மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோருக்கு இதுவே பதில். பயம் பெண்ணின் இயல்பு அன்று. பெயர் வெளிவந்தால் என்ன நடக்கும் என்பதை அவள் சரியாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறாள்.

அந்தக் கணக்கு எவ்வளவு சரியானது என்பதற்கு மைசூரு மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2022 ஜூனில் பெரியபட்டணம் வட்டத்தில் 17 வயது மாணவி ஒருவர் கொல்லப்பட்டார். அவர் ஒரு தலித் இளைஞரைக் காதலித்தார் என்பதே காரணம். தந்தையே காவல் துறையில் சரணடைந்தார். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் பெற்றோரே பொறுப்பு என்று அந்தப் பெண் முன்னதாகவே எழுதி வைத்திருந்தார். இது இணையக் குற்றம் அல்ல. ஆனால் "எதுவாக இருந்தாலும் பெற்றோரிடம் சொல்" என்று பள்ளிச் சுவரொட்டியில் எழுதுவது எவ்வளவு எளிது, சாதியக் கட்டுமானத்துக்குள் வாழும் பிள்ளைக்கு அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. ஒருவனோடு பேசிக்கொண்டிருந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து மிரட்டப்படும் பெண், மிரட்டுபவனுக்கு அஞ்சுவதைவிட, அவன் எந்தச் சாதி என்று வீடு கேட்கப்போகும் கேள்விக்கு அதிகம் அஞ்சுகிறாள்.

இனி, துன்புறுத்துவோர் யார்? பேசும்போது எல்லோரும் தம் பிள்ளைகளைப் பாதிக்கப்பட்ட இடத்தில் வைத்தே கற்பனை செய்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024 மார்ச்சில், 44 நாடுகளிலும் வட்டாரங்களிலும் நடத்திய ஆய்வை வெளியிட்டது. பள்ளிப் பருவத்தினரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இணையத்தில் துன்புறுத்தப்பட்டிருந்தனர். அதே ஆய்வில், பிறரைத் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்ட சிறுவர் 14 விழுக்காடு, சிறுமியர் 9 விழுக்காடு. ஆக, அந்தப் பிள்ளைகளும் ஏதோ ஒரு வீட்டில்தான் சாப்பிட்டுப் படுக்கின்றனர். தோழர்களின் வீடுகளுக்கு இதில் விலக்கு இல்லை.

2022 ஜனவரி முதல் நாள், முஸ்லிம் பெண்களின் படங்களை "ஏலத்துக்கு" வைத்த 'புல்லி பாய்' செயலி வெளிவந்தது. கைதானவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 21 வயதுக்குட்பட்டவர்கள். பெங்களூருவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர் அவர்களில் ஒருவர், 18 வயதுப் பெண்ணும் ஒருவர். அடுத்த மாதமே உடுப்பியில், ஹிஜாப் அணிய உரிமை கோரிய மாணவிகளின் தொலைபேசி எண்களும் முகவரிகளும் வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடப்பட்டன. பெற்றோர் காவல் துறையிடம் முறையிட்டனர். பள்ளிப் பிள்ளைகளின் முகவரியை யார், எதற்காகப் பரப்புகிறார்கள் என்று கேட்டால், இது குறும்புத்தனம் அல்ல, வகுப்புவாதம் தன் தொண்டர்களைப் பதின்பருவத்திலேயே பயிற்றுவிக்கும் முறை என்பது விளங்கும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களையும் மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் அகற்றப் பரிந்துரைத்தது. கயிறு கையிலிருந்து இறங்கினாலும், சாதிப் பெருமை பாடும் ரீல்ஸ் கைபேசியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கர்நாடகத் தமிழர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கல் கொதித்தபோது, பெங்களூரு கிரிநகரில் 22 வயதுத் தமிழ் மாணவர் ஒருவரை ஒரு கும்பல் தேடிப் பிடித்தது. கன்னட நடிகர்களைக் கேலி செய்து ஃபேஸ்புக்கில் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. அடித்து, மண்டியிட வைத்து, மன்னிப்புக் கேட்க வைத்து, அதைப் படம்பிடித்துப் பரப்பினர். அந்தக் காணொளி தமிழ்நாட்டில் கன்னடர்களைத் தாக்குவதற்குச் சாக்காயிற்று. அதன் காணொளி இங்கு பேருந்துகளை எரிப்பதற்குச் சாக்காயிற்று. இரு மொழி உழைப்பாளிகளும் அடிபட்டனர். ஒருவரை மண்டியிட வைத்துப் படம்பிடிப்பது இன்று பள்ளிச் சிறுவர் கூட்டத்தின் விளையாட்டாகவும் இறங்கி வந்துவிட்டது. பெரியவர்கள் நடத்திக் காட்டியதைத்தான் அவர்கள் செய்கின்றனர்.

பிள்ளைகளை மட்டும் பேசிவிட்டு, இந்த மேடையின் உரிமையாளரைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் 16,400 கோடி டாலருக்கு மேல். ஏறத்தாழ முழுவதும் விளம்பர வருவாய். பார்ப்பவரின் கண் திரையில் நிலைக்கும் ஒவ்வொரு நொடியும் விற்பனைச் சரக்கு. வெறுப்பும் வசையும் கண்ணை நிலைக்கச் செய்கின்றன என்றால், அவற்றை அகற்றுவதில் ஏகபோகத்துக்கு என்ன அவசரம் இருக்க முடியும்? அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களில், பதின்பருவப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் குறித்த தாழ்வுணர்வை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதியிருந்தனர். பொய்ச் செய்திகளை இனங்காணச் செலவிடும் நேரத்தில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கு, மீதி உலகம் முழுவதற்கும் 13 விழுக்காடு. இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளில் ஐந்துக்கு மட்டுமே தானியங்கிக் கண்காணிப்பு பயிற்றுவிக்கப்பட்டிருந்தது என்றும் அப்போது செய்தி வெளியானது. தமிழிலோ கன்னடத்திலோ ஆங்கில எழுத்தில் எழுதப்படும் ஒரு வசையை அந்த எந்திரம் எப்படிப் புரிந்துகொள்ளும் என்று கேட்கத் தேவையில்லை. லண்டனில் 14 வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட மோலி ரஸ்ஸல் என்ற மாணவியின் மரண விசாரணையில், இணையத்தில் அவருக்கு இடைவிடாது காட்டப்பட்ட உள்ளடக்கமும் சாவுக்குக் காரணமாயிற்று என்று 2022 செப்டம்பரில் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். இந்தியாவில் இத்தகைய மரணங்களில் நிறுவனத்தை யாரும் கூண்டில் ஏற்றியதில்லை. இங்கு விசாரணை கைபேசியை வாங்கிக் கொடுத்த தாயிடம் தொடங்கி அவரிடமே முடிகிறது.

அப்படியானால் சட்டத்தைக் கடுமையாக்கினால் போதுமா? இந்தக் கேள்வியில் இடதுசாரிகளுக்குப் பட்டறிவு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, "மனம் புண்படுத்தும்" செய்தி என்று எதையும் குற்றமாக்கியது. 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், முழு அடைப்பை விமர்சித்து ஃபேஸ்புக்கில் எழுதியதற்காகவும் அதற்கு விருப்பம் தெரிவித்ததற்காகவும் இரு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டனர். உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 2020 நவம்பரில், கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. பெண்கள் மீதான இணையத் தாக்குதலைத் தடுப்பதே நோக்கம் என்றது; மூன்றாண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நோக்கம் நல்லதுதான். ஆனால் சொற்கள் அகலமாக இருந்தன. எந்த விமர்சகர் மீதும் பாயக்கூடியனவாக இருந்தன. கட்சியின் அகில இந்தியத் தலைமை உட்பட பலரும் கேள்வி எழுப்பினர். சில நாள்களிலேயே அதைச் செயல்படுத்துவதில்லை என்று முதல்வர் அறிவித்தார். பின்னர் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. தவறைத் திருத்திக்கொண்டது பெருமைக்குரியது. தவறே நேராதிருந்தால் இன்னும் நன்று. பிள்ளைகளைக் காப்பதாகச் சொல்லிப் பிறக்கும் சட்டம் நாளை யார் கையில் போகும் என்று கேட்டுக்கொள்வது, ஆட்சியில் இருக்கும்போதும் தேவைப்படுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை நடைமுறைக்கு வந்துள்ளது. அங்கு அபராதம் நிறுவனத்துக்கு; பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல. அந்த அளவில் அது சரியான திசை. இந்தியாவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கும்போது வேறு செய்திகள் குறுக்கிடுகின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசியை உடைய பெண்கள் 54 விழுக்காடு மட்டுமே. வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் தந்தையின் எண்ணில். பெருந்தொற்றுக் காலத்தில் பாடமே கைபேசி வழியாக வந்தது. இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. வயதைக் காட்டி மறுக்கும் தடை, பத்தாம் வகுப்பு மகனிடம் கண்ணை மூடிக்கொள்ளும், மகளிடம் கண்டிப்பாகச் செயல்படும். அதுவும் மாலை 6.30 மணிச் சுற்றறிக்கையின் மற்றொரு பதிப்பாகிவிடக் கூடும்.

சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துவோர் குறைவு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆபாசப் படம், அது உருமாற்றப்பட்டதாயினும், வெளியிடுவதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. அத்தகைய படத்தைக் கைபேசியில் வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்று உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று, சென்னை உயர்நீதிமன்றத்தின் மாற்றுத் தீர்ப்பை ரத்து செய்து, தெளிவுபடுத்தியது. வகுப்புக் குழுவில் வந்ததைச் சேமித்து வைத்திருக்கும் மகன்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது தந்தையர். அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் படமோ உருமாற்றப்பட்ட படமோ வெளியானால், பாதிக்கப்பட்டவரின் புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் அதை நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. 18 வயதுக்குட்பட்டோரின் படங்களைப் பல தளங்களிலும் ஒருசேரத் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உள்ளது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே, அதன் இலக்க அடையாளத்தை மட்டும் பதிந்தால் போதும்.

மிரட்டல் வந்தவுடன் பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் முதல் தவறு, வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது. சான்றும் அதோடு அழிகிறது. அனுப்பியவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகே அந்தக் கணக்கைத் தடுக்க வேண்டும். பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. கொடுத்த இடத்தில்தான் மறுபடியும் கேட்பார்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனம் தளர்ந்து, சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை ஒரு பொழுதும் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் இணையப் பயன்பாடு தொடர்பான சிக்கல்களுக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. அங்கு போவது பைத்தியத்துக்கு வைத்தியம் என்று பேசும் வாய்களை உறவினர் கூட்டத்தில் அடக்குவதும் தோழர்களின் வேலையே.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக வீட்டில் ஓர் உறுதிமொழி தேவை. அசம்பாவிதம் நடந்த பிறகு அல்ல, நடப்பதற்கு முன்பே, இயல்பாக உணவு உண்ணும் வேளையில் சொல்லப்பட வேண்டும்: "கைபேசியில் என்ன வந்தாலும், நீயே ஏதேனும் தவறாக அனுப்பியிருந்தாலும், எங்களிடம் சொல். கைபேசியைப் பிடுங்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்." சொல்வது எளிது. மேடையில் பெண் விடுதலையைப் பேசிவிட்டு வீட்டில் மகளின் கைபேசியை இரவில் எடுத்துப் பார்ப்பவர்கள் இயக்கத்துக்குள்ளும் உண்டு என்பதை மாதர் அமைப்புத் தோழர்கள் அறிவார்கள். பிள்ளைக்கு வீட்டில் சொல்ல இயலாவிட்டால், சொல்வதற்கு வேறொருவர் இருக்க வேண்டும்: ஓர் அத்தை, ஓர் ஆசிரியை, மாணவர் சங்கத்தின் ஓர் அக்கா. அந்த ஒருவர் யார் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

காவல் நிலையம் போவதற்கான தயக்கம் பற்றி ஒரு சொல். கர்நாடகத்தில் இணையக் குற்றங்களுக்கென 'சென்' காவல் நிலையங்கள் உள்ளன, மைசூருவிலும் உண்டு. அங்குதான் போக வேண்டும் என்று எந்தக் காவல் நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியான புலனாய்வை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே நடத்த வேண்டும் என்பதால், "ஐயா இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்று அலைக்கழிப்பது வழக்கம். அப்போதுதான் கூடச் செல்லும் தோழரின் தேவை எழுகிறது. போக்சோ வழக்கில் பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதையும் யாரும் வெளியிடக் கூடாது. கண்டன அறிக்கை எழுதும் கட்சிக் கிளைக்கும் இது பொருந்தும்.

வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளுக்கு மைசூருவில் இன்னொரு தடையும் உண்டு. தனக்கு நேர்ந்ததைத் தாயிடம் தமிழில் சொன்ன பிள்ளை, அதிகாரியின் முன் கன்னடத்தில் சொல்லும்போது பாதியைச் சொல்லாமல் விட்டுவிடும். பதிவாகாமல் போகும் பாதியில்தான் வழக்கின் உயிர் இருக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவின்படி, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் அளிக்கலாம். போக்சோ சட்டத்தின் 26ஆவது பிரிவு, வாக்குமூலம் பதியும்போது மொழிபெயர்ப்பாளர் உதவியைப் பெற வழி செய்கிறது. இதைக் கேட்டுப் பெறுவோர் மிகக் குறைவு. 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கிவரும் நகரில், தமிழும் கன்னடமும் எழுதத் தெரிந்தோருக்குப் பஞ்சம் இல்லை. ரயில்வே பணிமனைக் குடியிருப்பில் வளர்ந்தவர்களிலும் பலர் இரு மொழியும் அறிந்தவர்கள். அவர்களில் பெண்கள் யார், அழைத்தால் எந்நேரமும் வரக்கூடியவர்கள் யார் என்ற பட்டியலை அடுத்த கிளைக் கூட்டத்துக்குள் தயாரித்துவிடலாம்.